குறையில்லாதவருக்கு நிதி இல்லை

என்னைப் பற்றி, இவருக்குக் குறையே இல்லை என்று ஒருவர் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அதனால் என் பிழைப்பே போகப் பார்த்தது. இது நடந்தது தொண்ணூறுகளின் நடுவில்.

நான் அப்போது கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் வாத்தியார். வயது நாற்பத்திரண்டு. பதினேழு வருடமாக ஒரே பாடம். ஒரு பையில் ஐந்து சிவப்புப் பந்து, மூன்று கறுப்புப் பந்து இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தால் அது சிவப்பாக இருப்பதற்கான வாய்ப்பு என்ன? அந்தப் பையில் பதினேழு வருடமும் ஒருவரும் கையை விட்டதில்லை. விடை எனக்கும் தெரியும், பையன்களுக்கும் தெரியும், நோட்ஸ் விற்கிற கடைக்காரருக்கும் தெரியும். அது தெரியாததால் உலகத்தில் யாருக்கும் சோறு இறங்காமல் போனதில்லை. சாவதற்குள் யாருக்காவது நிஜமாகத் தேவைப்படுகிற ஒரு விடையைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று எனக்கு உள்ளூர ஓர் ஏக்கம். வெளியே சொன்னால் கொழுப்பு என்பார்கள் என்பதால் சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில்தான் பேப்பரில் அந்த விளம்பரம் வந்தது. கணிதம், புள்ளியியல், இயற்பியல், பொறியியல் என்று எண்களோடு மாரடிக்கிறவர்கள் மருத்துவ ஆராய்ச்சிக்கு மாற விரும்பினால், டில்லியில் ஒரு நிதிக் குழு மூன்று வருடம் சம்பளம் கொடுக்குமாம். நிபந்தனை ஒன்றுதான். ஒரு டாக்டர் வழிகாட்டியாக இருந்து கையைப் பிடித்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். குழு வருடத்துக்கு ஒருமுறை பார்க்கும். தேறினால் நீட்டிக்கும், தேறாவிட்டால் நிறுத்திவிடும்.

விண்ணப்பித்தேன், கிடைத்துவிட்டது. கல்லூரியில் சம்பளமில்லாத விடுப்பு கேட்கப் போனேன். செயலாளர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, "தாராளமாப் போயிட்டு வாங்க சார். ஆனா நடுவுல திரும்பி வந்தீங்கன்னா உங்க எடத்துல வேற ஆள் உக்காந்திருப்பாருங்க. அவர எந்திரிங்கன்னு சொன்னா நல்லா இருக்காதுங்களே" என்றார். எங்கள் ஊரில் ஒருவரை வேலையிலிருந்து எடுப்பதைக்கூட இப்படித்தான் சொல்வார்கள். கேட்டவர் நன்றி சொல்லிவிட்டு வருவார். நானும் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் என் மனைவி கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ஏனுங்க, அப்ப நீங்க டாக்டருங்களா?"

"இல்ல. டாக்டருக்குக் கணக்குப் போட்டுக் குடுக்கறவன்."

"அதுக்குக் கம்பவுண்டராவே போயிருக்கலாமுங்களே. ஊசியாச்சும் போட உடுவாங்க."

அவள் அப்படிச் சொன்னாலும், மாமனார் ஊரில் மாப்பிள்ளை டாக்டர் ஆகிவிட்டார் என்றே செய்தி பரவியிருந்தது. அடுத்து ஊர்த் திருவிழா நோம்பிக்குப் போனபோது மூட்டுவலி, சர்க்கரை என்று ஆட்கள் வரிசையாக வந்துவிட்டார்கள். ஒருவர் தன் எருமையையும் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். மறுத்துப் பேசினால் மாமனாருக்குத் தலைகுனிவு. எல்லோரிடமும், "சராசரியாப் பாத்தா உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்க" என்றேன். திருப்தியாகப் போனார்கள். எருமைக்காரர் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுப் போனார்.

எனக்கு வாய்த்த வழிகாட்டி ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர். பவானிப் பக்கத்துப் பெண், வயது முப்பத்துமூன்று. சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. என்னைவிட ஒன்பது வயது இளையவர் எனக்கு வாத்தியார். அவர் என்னை "சார்" என்பார், நான் அவரை "மேடம்" என்பேன். நான் அறைக்குள் வந்தால் அவர் எழுந்து நிற்பார். அவர் நிற்கும்போது நான் எப்படி உட்காருவது? முதல் மாதம் முழுக்க நாங்கள் நின்றுகொண்டேதான் ஆராய்ச்சி செய்தோம்.

கற்றுக்கொடுத்ததும் அதே மரியாதையோடுதான். காதுக்குள் இருக்கிற மூன்று குட்டி எலும்புகளின் வரிசையை நான் மாற்றிச் சொன்னால், "அப்படியும் வச்சுக்கலாமுங்க சார்" என்பார். எலும்பை அப்படியும் இப்படியும் வைத்துக்கொள்ள முடியாது என்பது வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டிய பிறகுதான் எனக்குத் தெரியும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை டில்லியிலிருந்து ஒரு படிவம் வரும். அதில் வழிகாட்டி என் குறைகளை எழுத வேண்டும். அவற்றைத் திருத்த என்ன செய்யப்போகிறார் என்றும் எழுத வேண்டும். நான் படித்துப் பார்த்துக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். அதேபோல அவருடைய குறைகளை நான் எழுத வேண்டும். இதைத் தயாரித்த மனிதர் கொங்கு நாட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்பது படித்தவுடன் தெரிந்துவிட்டது.

"ஏனுங்க சார், உங்களுக்கு என்ன கொறைன்னு எழுதட்டுங்க?" என்று டாக்டர் என்னிடமே கேட்டார்.

"கையெழுத்து சுமாருன்னு போட்டுக்குங்க மேடம்."

"அய்யோ, உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்குதுங்க. பொய் எழுதச் சொல்றீங்களே."

கடைசியில் 'குறை எதுவும் காணப்படவில்லை' என்று எழுதினார். நானும் அவரைப் பற்றி அதையே எழுதினேன். இரண்டையும் ஒரே உறையில் போட்டு அனுப்பிவிட்டு, கேன்டீனில் போய்க் காபி குடித்தோம். பில்லை யார் கொடுப்பது என்பதில் மட்டும் கொஞ்சம் கருத்து வேறுபாடு ஏற்பட்டது.

எங்கள் ஆராய்ச்சி சோமனூரில். விசைத்தறி ஓட்டுகிறவர்களுக்குத் தறிச் சத்தத்தால் காது எவ்வளவு போயிருக்கிறது என்று அளக்க வேண்டும். தறிக் கொட்டகைக்குள் நின்றால் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தறி நிற்கும். அன்று டாக்டர் தன் மாருதி காரில் காது சோதிக்கிற மிசினை ஏற்றிக்கொண்டு வருவார். என் வீடு சிங்காநல்லூரில்; நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்துகொள்வேன். நெய்த துணிக்கட்டுகளை அடுக்கிய ஒரு குடோனில் எங்களுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். சுற்றிலும் துணி இருந்தால் வெளிச்சத்தம் உள்ளே வராது. போதாததற்கு டாக்டர் தன் ஊரிலிருந்து கனமான ஜமக்காளங்களைக் கொண்டுவந்து வாசலுக்கும் ஜன்னலுக்கும் தொங்கவிட்டார்.

சோதனை எளிதுதான். வருகிறவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, டாக்டருக்கு முதுகைக் காட்டி, என் மேஜைக்கு எதிரே உட்காருவார். டாக்டர் பொத்தானை அழுத்தினால் ஹெட்போனில் ஒரு சத்தம் வரும். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போவார். கை எதுவரை எழுகிறதோ அதுதான் அந்தக் காதின் எல்லை. பொத்தானை அழுத்தும்போதெல்லாம் டாக்டர் எனக்குத் தலையசைப்பார். நான் பேனாவைத் தூக்கிக்கொண்டு தயாராக இருப்பேன். கை எழுந்தால் 'கேட்டது' என்ற கட்டத்தில் டிக் போடுவேன்.

அதற்கு முன்னால் சில கேள்விகள் கேட்டு ஒரு படிவத்தை நிரப்புவதும் என் வேலை. கண்ணைப் படிவத்தில் வைத்துக்கொண்டு, கட்டம் மாறாமல் கேட்பேன்.

"ராத்திரி நல்லாத் தூக்கம் வருதுங்களா?"

"ஆமாங்க."

"தூக்கம் வராமக் கஷ்டப்படறீங்களா?"

"ஆமாங்க."

இரண்டையும் எழுதிக்கொண்டேன். முன்னுக்குப் பின் முரணான பதில்களுக்கு எங்கள் தொழிலில் தனியாக ஒரு எண் கொடுப்பார்கள். அந்த எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன்.

மூன்று மாதத்து ஞாயிறுகளில் சேர்ந்ததையெல்லாம் டாக்டரின் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே கம்ப்யூட்டரில் ஏற்றினேன். நோயாளிகளுக்கு மின்விசிறி, கம்ப்யூட்டருக்கு ஏசி என்றிருந்த காலம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். அச்சடித்து வந்த அட்டவணையைப் பார்த்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இருபது வருடம் தறியில் நின்றவருக்கும் பாம்புக் காது. ஒருவருக்கும் ஒரு குறையும் இல்லை. எண்கள் அவ்வளவு ஒழுங்காக வந்து வரிசையில் நின்றதை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. தறிச் சத்தம் காதைக் கெடுக்கும் என்று ஊர் உலகமெல்லாம் நம்பிக்கொண்டிருந்ததை ஒரு சிங்காநல்லூர்க்காரன் பொய்யாக்கிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் அட்டவணையை வெகுநேரம் பார்த்தார். "அழகா வந்திருக்குதுங்க சார். ஒருக்காப் பாத்துக்கலாமுங்களா?"

"பாத்துட்டேனுங்க மேடம். மூணு தடவ கூட்டிப் பாத்தாச்சுங்க."

"அப்பச் சரிங்க" என்றார்.

அறிக்கை டில்லிக்குப் போனது. எனக்குக் குறை எதுவும் காணப்படவில்லை என்கிற இரண்டாவது படிவமும் கூடவே போனது.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. மொத்தம் இரண்டே பத்தி. உங்கள் முடிவுப்படி விசைத்தறித் தொழிலாளர்களுக்கு இந்தக் குழுவின் உறுப்பினர்களைவிட நன்றாகக் காது கேட்கிறது, இது எப்படி என்று விளக்கவும் என்றது முதல் பத்தி. இரண்டாவது பத்திதான் என்னை உட்காரவைத்துவிட்டது. உங்கள் வழிகாட்டி இரண்டு முறையும் உங்களிடம் குறை எதையும் காணவில்லை. இந்த நிதி கற்றுக்கொள்ள வேண்டியவர்களுக்கு உரியது. குறையில்லாதவருக்கு வழிகாட்டி தேவையில்லை. வழிகாட்டி தேவையில்லாதவருக்கு நிதி தேவையில்லை. ஒரு மாதத்துக்குள் திருப்தியான விளக்கம் வராவிட்டால் நிதி நிறுத்தப்படும்.

நான் கணக்கு வாத்தியார். அந்த வாதத்தில் எனக்கே ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் கோபம் இரண்டு மடங்கானது. கல்லூரியில் என் நாற்காலியில் ஏற்கெனவே ஓர் இளைஞர் உட்கார்ந்து, அதே பையிலிருந்து அதே பந்துகளை எடுத்துக்கொண்டிருந்தார். பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. ஒரு விடை கண்டுபிடிக்கிறேன் என்று கிளம்பியவன் ஒரே வருடத்தில் வீட்டில் வந்து உட்காரப்போகிறேன்.

மனைவியிடம் கடிதத்தைத் தமிழில் சொன்னேன். அவள் முதல் பத்தியைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"உங்களுக்குக் கொறையே இல்லீன்னு எழுதுனாங்களா? அந்தம்மணிய நல்ல கண்ணு டாக்டராப் பாத்துக் காட்டச் சொல்லுங்க" என்றாள். பிறகு ஒரு வெள்ளைத்தாள் கேட்டாள். "ரெண்டு பக்கமும் எழுதலாமுங்களா?" என்று வேறு கேட்டாள்.

அடுத்த ஞாயிறு குடோனுக்கு வந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். பதினெட்டு வருடமாகத் தறி ஓட்டுகிறவர். சலவைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, பெண் பார்க்க வந்தவர்போல உட்கார்ந்திருந்தார். பாதிச் சோதனையில் கரண்டு போய்விட்டது. பகல்தான் என்றாலும் ஜமக்காளம் தொங்கிய குடோன் மங்கலாகிவிட்டது. டாக்டர் தலையசைக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. வேலை நிற்கக் கூடாதே என்று உத்தேசமாகப் பேனாவைத் தூக்கினேன். அவர் கையைத் தூக்கினார். டிக் போட்டேன். மறுபடி பேனா, மறுபடி கை, மறுபடி டிக். நான்காவது டிக்கின்போது டாக்டர் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"சார், கரண்டு இல்லீங்க."

"பரவால்லீங்க மேடம், எனக்குக் கட்டம் தெரியுதுங்க."

"மிசினுக்கும் இல்லீங்க."

என் பேனா அப்படியே நின்றது. எதிரே இருந்தவர் பேனாவைப் பார்த்துவிட்டு ஐந்தாவது முறையாகக் கையைத் தூக்கினார்.

டாக்டர் அவர் முன்னால் போய்க் குனிந்து, ஹெட்போனைக் கழற்றி, முகத்துக்கு நேராக நிதானமாகக் கேட்டார். "ஏனுங்ணா, இப்பச் சத்தம் ஏதாச்சும் கேட்டுச்சுங்களா?"

"இல்லீங்க டாக்டரம்மா."

"பொறவு எதுக்குங்க கையத் தூக்குனீங்க?"

அவர் சங்கடத்தோடு என்னைக் காட்டினார். "சார் பேனாவத் தூக்கிட்டுக் காத்துட்டிருக்கறாருங்க. நாம சும்மா உக்காந்திருந்தா நல்லா இருக்குங்களா? லீவு நாள்ல நம்முளுக்காக இத்தன தூரம் வாரீங்க. கேக்கலீங்க, கேக்கலீங்கன்னு சொல்லிட்டே இருந்தா உங்க மனசு என்ன பாடுபடுமுங்க."

"இதுக்கு முன்னால வந்தவங்களும் இப்படித்தானுங்களா?"

"எல்லாரும் பேசி வச்சுட்டுத்தானுங்க வந்தோம்."

என் பாம்புக் காதுகள் அத்தனையும் அந்த ஒரு வாக்கியத்தில் செத்துப்போயின. பொத்தானை அழுத்தியது டாக்டர், சைகை காட்டியது நான். முதல் வருடப் பையன் இப்படி ஒரு சோதனை நடத்தியிருந்தால் நானே அவனை வெளியே அனுப்பியிருப்பேன்.

அன்று டாக்டர் என்னைக் காரிலேயே சிங்காநல்லூரில் இறக்கிவிட்டார். இறங்கும்போது, "சார், வாய்ல சொல்ல வரமாட்டேங்குதுங்க. எழுதித் தாரேனுங்க" என்றார். மறுநாள் மாலை ஆஸ்பத்திரியில் ஒட்டிய உறை ஒன்றைக் கொடுத்துவிட்டு, நான் பிரிப்பதற்குள் வார்டுக்குள் ஓடிவிட்டார். டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து பிரித்தேன். உள்ளே டில்லிப் படிவம், இந்த முறை என் குறைகளோடு.

இவர் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்ப்பதில்லை என்று ஆரம்பித்திருந்தார். தறிக்காரர்கள் சத்தத்துக்குள் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துப் பேசிப் பழகியவர்கள், இவர் தலையைக் குனிந்துகொண்டு படிவத்திடம் பேசுகிறார், அவர்களுக்குப் புரிவதில்லை, புரியாததற்கெல்லாம் மரியாதைக்கு ஆமாங்க என்கிறார்கள், இவர் அதை எழுதிக்கொள்கிறார். அட்டவணை அழகாக இருந்தால் அது உண்மை என்று நம்புகிறார். 'ஒருக்காப் பாத்துக்கலாமுங்களா' என்று நான் கேட்டால் தப்பு என்று அர்த்தம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தும் அது இவருக்குத் தெரியவில்லை. கடைசியில், அந்த அட்டவணை தப்பு என்று எனக்கு அன்றைக்கே தோன்றியது, வயதில் மூத்தவரிடம் சொல்லக் கூசினேன், இது என் குறை, படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லாததால் இங்கேயே எழுதுகிறேன் என்று முடித்திருந்தார்.

எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஒவ்வொன்றுக்கும் மனதுக்குள் காரசாரமாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்ததில் சிங்காநல்லூரைக் கவனிக்காமல் ஒண்டிப்புதூர் வரைக்கும் போய்விட்டேன். அங்கே இறங்கி எதிர்ப்பக்கம் நின்று பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதுதான், ஒரு பதிலும் தேறாது என்று புரிந்தது.

வீட்டில் மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மொதல்ல சொன்னத நான் பதினஞ்சு வருசமாச் சொல்லிட்டிருக்கறனுங்களே" என்றாள். "நீங்க பேப்பரப் பாத்துட்டே ஆமாம்பீங்க."

"எப்பச் சொன்ன?"

"பாத்தீங்களா" என்றாள்.

படிவத்தின் கீழே கையெழுத்துப் போட்டேன். அவருடைய படிவத்தில், 'தப்பு என்று தெரிந்தால் அன்றைக்கே சொல்வதில்லை' என்று எழுதினேன். அதை எழுத எனக்கு அரை நாள் ஆனது. நடந்ததை மறைக்காமல் விளக்கமும் எழுதினேன். எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, சோதனையை முதலிலிருந்து ஆரம்பித்தோம். என் மேஜை டாக்டரின் பக்கத்துக்கு, வருகிறவரின் முதுகுக்குப் பின்னால் போனது. கேள்விகளை மட்டும் எதிரே போய் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

கை தூக்கும் மரியாதையை நிறுத்த டாக்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லோரையும் கூட்டி வைத்து, "மிசின நம்ப முடியாதுங்க. சில சமயம் சத்தமே வராது. அதெல்லாம் நீங்கதான் கண்டுபுடிச்சுக் குடுக்கோணும்" என்றார். நடுநடுவே சத்தமில்லாமலும் விட்டார். மனிதர்களிடம் குறை சொல்லத்தான் அவர்களுக்குக் கூச்சம். மிசினிடம் குறை காண்பது அவர்களுக்கு அன்றாட வேலை. "என்னங்க மிசினு இது, பாதிக்கு மேல வரவே இல்ல. வந்த வெலைக்கு வித்துப்போடுங்க" என்று ஒருவர் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். மிசினில் கோளாறு எதுவும் இல்லை. இம்முறை அட்டவணை கோணல்மாணலாக வந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு அழகாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

டில்லியிலிருந்து பதில் வந்தது. விளக்கம் ஏற்கப்பட்டது, வழிகாட்டியின் புதிய அறிக்கையில் குறைகள் போதுமான அளவில் உள்ளன, நிதி நீட்டிக்கப்படுகிறது என்றது. மனைவி கடிதத்தைக் கேட்டுவிட்டு, "என்னைய எழுதச் சொல்லியிருந்தீங்கன்னா பத்து வருசத்துக்கு வாங்கிக் குடுத்திருப்பேன்" என்றாள்.

கரண்டு போன அன்று மாட்டிக்கொண்டவர் மட்டும் வெகுநாள் வராமல் இருந்தார். வெட்கம். ஆள் அனுப்பி, சொல்லி அனுப்பி, கடைசி ஞாயிறு வந்தார். அதே சலவைச் சட்டை. டாக்டர் பொத்தானை அழுத்தினார். முழங்காலில் இருந்த அவர் கை எழவில்லை. சத்தத்தைக் கூட்டினார். கை எழவில்லை. இன்னும் கூட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே அந்தச் சத்தம் ஹெட்போனுக்கு வெளியே லேசாகக் கேட்க ஆரம்பித்தது. அதற்கப்புறம்தான் அவர் கை சந்தேகத்தோடு மெதுவாக எழுந்தது.

முடிந்ததும் திரும்பி என்னைப் பார்த்தார். "மன்னிச்சுக்கங்க சார். இந்தத் தடவ எனக்குச் சரியாவே வரலீங்க. கெடுத்துப்போட்டேனுங்க."

நான் எண்ணை எழுதிக்கொண்டே, "நீங்க ஒண்ணும் கெடுக்கலீங்க. நாங்க தேடுனது இதுதானுங்க" என்றேன்.

"ஆமாங்க" என்று சிரித்தார்.

அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. பேனாவை மூடிப் பைக்குள் வைத்தேன். எழுந்து போய் அவர் எதிரே உட்கார்ந்து, நேராகப் பார்த்து நிதானமாகச் சொன்னேன். "உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க. தறிச் சத்தத்துல காது போயிருக்குதுங்க."

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு மெல்ல மறைந்தது. "போனது திரும்பி வராதுங்களா?" என்று கேட்டார்.

நான் டாக்டரைத் திரும்பிப் பார்த்தேன். அவர், நீங்களே சொல்லுங்கள் என்பதுபோலத் தலையசைத்தார். பதினேழு வருடம் விடை சொல்லிக்கொடுத்தவன் நான். ஒரு விடையைச் சொல்ல இவ்வளவு பயந்ததில்லை.

"வராதுங்க" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "மிச்சம் இருக்கறதக் காப்பாத்திக்கலாமுங்க."

அவர் ஆமாங்க என்று சொல்லவில்லை. நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, "எப்படிங்க?" என்று கேட்டார்.